சைன் எக்ஸ் / (5 − 4 காஸ் எக்ஸ்) இதுக்கு ஃபோரியர் சீரிஸ் எப்படி போடுறது? மூணு பக்கம் போயும் முடியல

மூணாவது_பெஞ்ச்

எல்லாருக்கும் வணக்கம். ஈசிஇ செகண்ட் இயர். இந்த செமஸ்டர்ல ஃபோரியர் சீரிஸ் ஒரு யூனிட் ஃபுல்லா இருக்கு. எக்ஸ் ஸ்கொயர், மாட் எக்ஸ், ஸ்கொயர் வேவ் இதெல்லாம் பிரச்சனை இல்ல, பெர்னூலி ஃபார்முலாவ (இன்டகிரேஷன் பை பார்ட்ஸோட ஷார்ட்கட்) வச்சு தட்டிடுவேன். ஆனா குடுக்குற ஃபங்ஷனே டிரிக்னாமெட்ரியா இருந்துச்சுன்னா கை அப்படியே நின்னுடுது, ஏன்னா ஏற்கனவே உள்ள சைன் காஸ் இருக்கு, அதோட நாம வேற காஸ் என்எக்ஸ் பெருக்கணும், எத டிஃபரன்ஷியேட் பண்றது எத இன்டகிரேட் பண்றதுன்னே தெரியாம ரெண்டும் சுத்தி சுத்தி வருது.

அசைன்மெண்ட்ல மூணு சம்:

1) சைன் க்யூப் எக்ஸ் × காஸ் ஸ்கொயர் எக்ஸ்
2) சைன் எக்ஸ் / (5 − 4 காஸ் எக்ஸ்)
3) எக்ஸ் சைன் எக்ஸ், இன்டர்வல் மைனஸ் பைல இருந்து பை வரை

ரெண்டாவது சம்முக்கு டீ = டான் (எக்ஸ்/2) சப்ஸ்டிட்யூட் பண்ணி பார்த்தேன். கீழ இருக்கறது ஒழுங்கா வந்துச்சு, ஆனா மேல சைன் என்எக்ஸ் இருக்கே, அத டீல எப்படி எழுதுறது? மூணு பக்கம் எழுதி கிழிச்சு போட்டுட்டேன். ஹாஸ்டல்ல ஒருத்தன் "காம்ப்ளெக்ஸ்ல போடுறா" ன்னு சொல்லிட்டு தூங்க போயிட்டான். ஏற்கனவே காம்ப்ளெக்ஸா தானடா இருக்கு, இன்னும் என்னத்த காம்ப்ளெக்ஸ் ஆக்குறது.

மூணாவதுல விடை வருது, ஆனா கீழ என் ஸ்கொயர் மைனஸ் 1 வருது, என் = 1 போட்டா ஜீரோவால வகுக்க வேண்டி வருது. புக்ல ஏ ஒன் (காஸ் எக்ஸோட கோஎஃபிஷியன்ட், அதாவது அதுக்கு முன்னாடி வர்ற நம்பர்) தனியா −1/2 ன்னு போட்டிருக்கான், எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ், திங்கக்கிழமை சப்மிட் பண்ணனும்.


அரியர்_அண்ணாச்சி

தம்பி பயப்படாத. ரெண்டாவது சம் எல்லாம் எக்ஸாம்ல கேக்க மாட்டான், விட்டுத் தள்ளு. கேட்டா என் = 1, 2, 3 மூணுக்கு மட்டும் டீ போட்டு கண்டுபிடி, பேட்டர்ன் தெரிஞ்சிரும், டாட் டாட் டாட் போட்டுட்டு வந்துரு.

மூணாவது ரொம்ப ஈஸி. எக்ஸ் ஆட் ஃபங்ஷன், சைன் எக்ஸும் ஆட் ஃபங்ஷன், அப்ப மொத்தமும் ஆட், அதனால ஏ நாட் (தனி நம்பர்), ஏஎன் (காஸ் என்எக்ஸோடது) எல்லாம் ஜீரோ, பிஎன் (சைன் என்எக்ஸோடது) மட்டும் கண்டுபிடிச்சா போதும். பாதி வேலை மிச்சம். புக்ல ஏ ஒன் இருக்குன்னா புக் தப்பு.


கணக்கு_டீச்சர்

அண்ணாச்சி, புக் தப்பு இல்ல. ஆட் ஃபங்ஷன ஆட் ஃபங்ஷனால பெருக்கினா ஈவன். மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ். எக்ஸுக்கு பதிலா மைனஸ் எக்ஸ் போட்டு பாருங்க, ரெண்டு மைனஸும் அடிபட்டுடும். கூட்டினா தான் ஆட் பிளஸ் ஆட் ஆட். 26 வருஷம் பேப்பர் திருத்தி இருக்கேன், ஒவ்வொரு கட்டுலயும் இந்த தப்பு நாலஞ்சு பேராவது பண்ணி இருப்பாங்க, அதனால உங்கள மட்டும் சொல்லல.

தம்பிக்கு வரேன். உன் ஃப்ரெண்டு தூக்கத்துல சொன்னாலும் சரியாத்தான் சொல்லி இருக்கான். காம்ப்ளெக்ஸ்னா இங்க சிக்கல் இல்ல, கலப்பெண். நீ மூணு சம்மையும் ஒரே மாதிரி பாக்குற, ஃபங்ஷன பார்த்ததும் பேனாவ எடுத்து 1/பை இன்டகிரல்னு ஆரம்பிச்சுடுற. அங்க தான் மாட்டிக்கிற. ஃபோரியர் சீரிஸ்னா என்ன, ஒரு ஃபங்ஷன சைன் என்எக்ஸ், காஸ் என்எக்ஸோட கூட்டலா எழுதுறது. அந்த இன்டகிரல் எல்லாம் அந்த கோஎஃபிஷியன்ட கண்டுபிடிக்க ஒரு வழி, அவ்வளவு தான். வேற வழில அந்த கூட்டல் கிடைச்சுதுன்னா அதுவும் அதே சீரிஸ் தான், ரெண்டு விதமா வராது. (சீரிஸ் யூனிஃபார்மா கன்வர்ஜ் ஆகணும்னு ஒரு கண்டிஷன் இருக்கு, உன் 1, 2 ரெண்டுக்கும் அது சரியா இருக்கு.)

இப்ப முதல் சம். இது ஏற்கனவே ஃபோரியர் சீரிஸ் தான்டா, மடிச்சு வச்ச புடவை மாதிரி, பிரிச்சா போதும். சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் ரெண்டையும் ஜோடி சேர்த்தா சைன் 2எக்ஸ்ல பாதி. நம்மகிட்ட சைன் மூணு, காஸ் ரெண்டு இருக்கு, ரெண்டு ஜோடி போக ஒரு சைன் மிச்சம். அதாவது

சைன் எக்ஸ் × (சைன் 2எக்ஸ்)² / 4

சைன் ஸ்கொயர் 2எக்ஸ் = (1 − காஸ் 4எக்ஸ்)/2, அத போட்டா

சைன் எக்ஸ் / 8 − (சைன் எக்ஸ் காஸ் 4எக்ஸ்) / 8

கடைசி டெர்ம பிரிச்சா சைன் 5எக்ஸும் சைன் 3எக்ஸும் வரும். முடிவு:

(2 சைன் எக்ஸ் + சைன் 3எக்ஸ் − சைன் 5எக்ஸ்) / 16

இவ்வளவு தான் சீரிஸ். மூணே டெர்ம், டாட் டாட் கிடையாது. எக்ஸ் = பை/2 போட்டு செக் பண்ணு, இடது பக்கம் காஸ் இருக்கறதால ஜீரோ, வலது பக்கம் 2 − 1 − 1, அதுவும் ஜீரோ. இதுக்கு பிஎன் இன்டகிரல் போட்டா ஒரு மணி நேரம் எழுதி என் = 1, 3, 5 தவிர எல்லாம் ஜீரோன்னு கண்டுபிடிப்ப. நிறைய பிள்ளைங்க அப்படி எழுதி கடைசில "எல்லா என்னுக்கும் ஜீரோ" ன்னு முடிச்சிட்டு வந்துடுவாங்க, ஃபங்ஷனே ஜீரோ ஆயிடுச்சேன்னு யோசிக்கவே மாட்டாங்க.

ரெண்டாவது சம் தான் அழகான சம். இசட் = ஈ பவர் ஐஎக்ஸ் ன்னு வச்சுக்கோ. ஆய்லர் சொன்னபடி அது காஸ் எக்ஸ் + ஐ சைன் எக்ஸ். இசட்டோட கான்ஜுகேட் (ஐக்கு முன்னாடி குறிய மட்டும் மாத்தினது) 1/இசட். இப்ப கீழ இருக்கறத பாரு:

(2 − இசட்)(2 − 1/இசட்) = 4 − 2(இசட் + 1/இசட்) + 1 = 5 − 4 காஸ் எக்ஸ்

அந்த 5ம் 4ம் சும்மா வந்த நம்பர் இல்ல, 2 ஸ்கொயர் பிளஸ் 1, அப்புறம் 2 இன்டு 2. கொஸ்டின் போட்டவர் பின்னால இருந்து யோசிச்சு போட்டிருக்கார். சரி, இப்ப 1/(2 − இசட்) ன்னு ஒண்ண எடு, மேலயும் கீழயும் கான்ஜுகேட்டால பெருக்கு:

1/(2 − இசட்) = (2 − காஸ் எக்ஸ் + ஐ சைன் எக்ஸ்) / (5 − 4 காஸ் எக்ஸ்)

இமாஜினரி பார்ட்ட பாரு. உன் சம்! அப்படியே உக்காந்துட்டு இருக்கு. அடுத்து இடது பக்கத்த ப்ளஸ் டூல படிச்ச ஜியோமெட்ரிக் சீரிஸா விரி, இசட்டோட மாடுலஸ் 1, இசட்/2 வோட மாடுலஸ் அரை, அதனால தாராளமா விரிக்கலாம்:

1/(2 − இசட்) = 1/2 + இசட்/4 + இசட்²/8 + இசட்³/16 + ...

இசட் பவர் என் னா காஸ் என்எக்ஸ் + ஐ சைன் என்எக்ஸ். இமாஜினரி பார்ட் மட்டும் எடு:

சைன் எக்ஸ் / (5 − 4 காஸ் எக்ஸ்) = (1/4) சைன் எக்ஸ் + (1/8) சைன் 2எக்ஸ் + (1/16) சைன் 3எக்ஸ் + ...

ஒரு இன்டகிரல் கூட போடல. எக்ஸ் = பை/2 போட்டு பாரு, இடது பக்கம் 1/5. வலது பக்கம் 1/4 − 1/16 + 1/64 − ..., கூட்டினா 1/5. ரியல் பார்ட்ட எடுத்தா (2 − காஸ் எக்ஸ்)/(5 − 4 காஸ் எக்ஸ்) க்கும் சீரிஸ் இலவசமா கிடைக்குது. அதுல இருந்து 1/(5 − 4 காஸ் எக்ஸ்) ஐயும் எடுக்கலாம், நீயே முயற்சி பண்ணி போடு.

மூணாவதுக்கு இந்த வித்தை செல்லாது, ஏன்னா அங்க எக்ஸ் வெளிய தனியா நிக்குது, அத இசட்டால எழுத முடியாது. அங்க உன் பெர்னூலி தான் கதி. ஆனா பெர்னூலிக்கு போறதுக்கு முன்னாடி ரெண்டு டிரிக் ஃபங்ஷனையும் ஒண்ணாக்கிடு, அத பண்ணாததால தான் உனக்கு சுத்தி சுத்தி வருது:

2 சைன் எக்ஸ் காஸ் என்எக்ஸ் = சைன் (என்+1)எக்ஸ் − சைன் (என்−1)எக்ஸ்

ஈவன் ஃபங்ஷன், அதனால ஜீரோல இருந்து பை வரை போதும். எக்ஸ் சைன் எம்எக்ஸோட இன்டகிரல் −பை காஸ் எம்பை / எம். இத ரெண்டு தடவை போட்டா, ஒண்ணுல எம் = என்+1, இன்னொண்ணுல எம் = என்−1, கழிச்சா

ஏஎன் = 2 × (−1)^(என்+1) / (என்² − 1)

இப்ப என் = 1 னா என்ன ஆகுதுன்னு மேல இருக்கற வரில பாரு, விடைல பாக்காத. சைன் (என்−1)எக்ஸ் ங்கறது சைன் 0, அந்த டெர்மே இல்ல! இல்லாத டெர்முக்கு நீ இன்டகிரல் போட்டு கீழ என்−1 ஆல வகுத்துட்ட, அதான் குழப்பம். மிச்சம் இருக்கற சைன் 2எக்ஸ் மட்டும் போட்டா ஏ ஒன் = −1/2. புக்ல இந்த வரிய எழுதாம விட்டுட்டாங்க.

எக்ஸ் சைன் எக்ஸ் = 1 − (1/2) காஸ் எக்ஸ் − 2 [ காஸ் 2எக்ஸ்/(1·3) − காஸ் 3எக்ஸ்/(2·4) + காஸ் 4எக்ஸ்/(3·5) − ... ]

இன்டர்வல் 0 முதல் 2பை ன்னு மாத்தி கேட்டா விடை வேற, ஏன்னா பீரியாடிக்கா நீட்டும்போது படமே வேற. அங்க பி ஒன் = பை ன்னு ஒரு சைன் டெர்மும் வரும். ரெண்டு கொஸ்டினையும் ஒண்ணுன்னு நினைச்சு மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்க நிறைய பேர்.


மூணாவது_பெஞ்ச்

மேடம்!! ரெண்டாவது சம் பார்த்துட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். மூணு பக்கம் கிழிச்சு போட்டேனே.

நீங்க சொன்ன 1/(5 − 4 காஸ் எக்ஸ்) போட்டேன். 2 − காஸ் எக்ஸ் = (5 − 4 காஸ் எக்ஸ்)/4 + 3/4 ன்னு பிரிச்சு, ரியல் பார்ட்ல இருந்து

1/3 + (1/3) காஸ் எக்ஸ் + (1/6) காஸ் 2எக்ஸ் + (1/12) காஸ் 3எக்ஸ் + ...

ன்னு வந்துச்சு. எக்ஸ் = 0 போட்டா 1 வருது, சரியாத்தான் இருக்கு. ஆனா செக் பண்ணலாம்னு ஏ நாட் மட்டும் இன்டகிரேட் பண்ணா (டான் சப்ஸ்டிட்யூஷன் இதுக்காவது உதவுச்சு) 2/3 வருது. இங்க 1/3 இருக்கு. எது தப்பு?

அப்புறம் நானா ஒரு சம் மாத்தி போட்டு பார்த்தேன், 1/(4 − 5 காஸ் எக்ஸ்). நம்பர மாத்தினா போதும்னு நினைச்சேன், ஆனா எங்கயோ உதைக்குது, ஃபேக்டரே ஆகல. பொதுவா நம்பர் என்ன குடுத்தாலும் எப்படி பிரிக்கறதுன்னு ஒரு வழி இருக்கா?


வடமராட்சியான்

தம்பி ரெண்டும் பிழை இல்லை. சீரிஸ் எழுதேக்கை முதல் உறுப்பு ஏ நாட் இல்லை, ஏ நாட்டின்ர அரைவாசி. 2/3 இன்ர அரைவாசி 1/3. சில புத்தகங்களில 1/2பை எண்டு போட்டு வரையறுத்திருப்பினம், அதில அரைவாசி போடத் தேவையில்லை. எந்தப் புத்தகம் பாக்கிறீங்களோ அதின்ர வரைவிலக்கணத்தை முதல் பாருங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு கணக்கிலயும் ரெண்டு மடங்கு பிழைச்சுக்கொண்டே இருக்கும். அந்த முதல் உறுப்பு வேற ஒண்டும் இல்லை, ஒரு முழுச் சுற்றுக்கு அந்தச் சார்பின்ர சராசரி. படத்தைப் பாத்தாலே கிட்டத்தட்ட மட்டுக்கட்டலாம்.

(எங்கட பக்கம் காம்ப்ளெக்ஸ் நம்பருக்கு சிக்கலெண் எண்டு தான் பேர். அங்கத்தைய புத்தகத்தில கலப்பெண். நீங்கள் முதல் பதிவில "ஏற்கனவே காம்ப்ளெக்ஸா தானே இருக்கு" எண்டு கேட்டது எங்களுக்கு இன்னும் நல்லாப் பொருந்தும்.)

பொதுவான வழி கேட்டீங்கள். கீழ ஏ − பி காஸ் எக்ஸ் எண்டு வைப்பம், ஏ பெரிசு, பி சின்னன், ரெண்டும் நேர் எண்கள். ஆர் எண்டு ஒரு எண்:

ஆர் = (ஏ − √(ஏ² − பி²)) / பி

அப்ப

1/(ஏ − பி காஸ் எக்ஸ்) = (1/√(ஏ² − பி²)) × [ 1 + 2 ஆர் காஸ் எக்ஸ் + 2 ஆர்² காஸ் 2எக்ஸ் + 2 ஆர்³ காஸ் 3எக்ஸ் + ... ]

5, 4 போட்டால் வர்க்கமூலம் 3, ஆர் = 1/2, உங்கட விடை. 2 − காஸ் எக்ஸ் போட்டால் ஆர் = 2 − √3, கிட்டத்தட்ட 0.268. அடைப்புக்குள்ள இருக்கிறது ப்வாசோன் கெர்னல் எண்டு பெயர் போனது, பிறகு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில வட்டத் தகட்டின்ர வெப்பநிலை கண்டுபிடிக்கேக்கை திரும்ப வரும், அப்ப இந்தக் கணக்கை நினைச்சுப் பாருங்கோ.

4 − 5 காஸ் எக்ஸ் ஏன் உதைக்குது எண்டு இப்ப தெரியும். வர்க்கமூலத்துக்குள்ள 16 − 25, மறை எண். சார்பைப் பாருங்கோ, காஸ் எக்ஸ் = 4/5 ஆகிற இடத்தில, அதாவது ஏறத்தாழ 36.87 பாகையில, பகுதி பூச்சியமாகி சார்பு முடிவிலிக்குப் போகுது. அந்த இடத்தில பரப்பே முடிவிலி, ஏஎன் எண்டு ஒண்டைக் கணிக்கவே ஏலாது. அதுக்கு ஃபோரியர் சீரிஸ் இல்லை.

இன்னொரு கணக்கு தாறன், பாக்கப் பயமா இருக்கும். ஈ பவர் காஸ் எக்ஸ், அதைப் பெருக்கி காஸ் (சைன் எக்ஸ்). தொகையீடு பக்கம் போகாதேங்கோ. டீச்சர் சொன்ன இசட்டை வைச்சுக்கொண்டு ஈ பவர் இசட் எண்டதை விரிச்சுப் பாருங்கோ.


மூணாவது_பெஞ்ச்

அண்ணா செம!! ஈ பவர் இசட் = ஈ பவர் (காஸ் எக்ஸ் + ஐ சைன் எக்ஸ்), அதோட ரியல் பார்ட் தான் நீங்க குடுத்தது. ஈ பவர் இசட்ட விரிச்சா 1 + இசட் + இசட்²/2! + ... அப்ப விடை

1 + காஸ் எக்ஸ் + காஸ் 2எக்ஸ்/2! + காஸ் 3எக்ஸ்/3! + ...

ஒரே வரி. இத இன்டர்னல்ல குடுத்தா கிளாஸே அழும்.

இப்ப ஒரு ஆசை வந்துடுச்சு. அந்த ஈ பவர் காஸ் எக்ஸ் இல்லாம வெறும் காஸ் (சைன் எக்ஸ்) மட்டும் இருந்தா? அது இன்னும் ஈஸியா இருக்கணுமே? அப்புறம் டான் எக்ஸுக்கு சீரிஸ் இருக்கா? புக்ல எங்கயும் பாக்கல.


கணக்கு_டீச்சர்

டான் எக்ஸுக்கு இல்ல. 4 − 5 காஸ் எக்ஸ் கதை தான், பை/2 கிட்ட ஏரியா இன்ஃபினிட்டி ஆயிடுது. ஆனா "இன்ஃபினிட்டிக்கு போனாலே சீரிஸ் இல்ல" ன்னு மனப்பாடம் பண்ணிடாத. லாக் (2 காஸ் (எக்ஸ்/2)) ன்னு எடு, எக்ஸ் பையை நெருங்கும்போது அதுவும் மைனஸ் இன்ஃபினிட்டிக்கு தான் போகுது, ஆனா லாக் ரொம்ப மெதுவா போகும், ஏரியா ஃபைனைட். அதுக்கு சீரிஸ் இருக்கு:

காஸ் எக்ஸ் − காஸ் 2எக்ஸ்/2 + காஸ் 3எக்ஸ்/3 − ...

லாக் (1 + இசட்) ஓட ரியல் பார்ட். எக்ஸ் = 0 போட்டா லாக் 2 = 1 − 1/2 + 1/3 − ..., நீ ப்ளஸ் டூல பார்த்தது தான். இங்க இசட்டோட மாடுலஸ் சரியா 1, அதனால விரிக்கறதுக்கு கொஞ்சம் நியாயம் சொல்லணும், ஜியோமெட்ரிக் மாதிரி கண்ண மூடிட்டு விரிக்கக் கூடாது. உன் லெவலுக்கு விடை தெரிஞ்சா போதும்.

காஸ் (சைன் எக்ஸ்) பத்தி யாராவது கம்யூனிகேஷன் ஆளுங்க சொல்லட்டும், அது அவங்க ஏரியா.


சோல்டரிங்_மணி

கூப்பிட்டீங்க, வந்துட்டேன். கணக்குல நான் வீக், ஆனா சர்க்யூட்ல 15 வருஷமா கை சுட்டுக்கிட்டு இருக்கேன்.

காஸ் (சைன் எக்ஸ்) பாக்க சாது மாதிரி இருக்கும், ஆனா அதோட கோஎஃபிஷியன்ட் எதுவும் பின்னத்துல அடங்காது. எல்லாம் பெஸல் ஃபங்ஷன், மதிப்ப டேபிள்ல பார்த்து எடுக்கற ஒரு தனி ஃபங்ஷன். 0.7652 + 2 × 0.1149 காஸ் 2எக்ஸ் + 2 × 0.0025 காஸ் 4எக்ஸ் + ... எக்ஸ் = 0 போட்டு கூட்டிப்பாரு, 1 வரும். பெஸல் இத கண்டுபிடிச்சது ரேடியோவுக்கு இல்ல, அவர் வானியல்காரர், கிரகம் சுத்துற கணக்குல வந்தது. ஆனா நீ ஈசிஇ தானே, அனலாக் கம்யூனிகேஷன்ல எஃப்எம் வரும் பாரு, கேரியரோட ஃபேஸுக்குள்ள சைன் போடுறது தான் எஃப்எம், அப்ப காஸுக்குள்ள சைன். அந்த சைட்பேண்ட் (கேரியருக்கு ரெண்டு பக்கமும் வர்ற ஃப்ரீக்வன்சி) எல்லாம் எங்க இருந்து வருது, இந்த பெஸல் டேபிள்ல இருந்து தான். மாடுலேஷன் இன்டெக்ஸ் (உள்ள போடுற சைனுக்கு முன்னாடி வர்ற நம்பர்) 2.405 வச்சா நடுவுல இருக்கற கேரியரே காணாம போயிடும், ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல பாக்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். டீவியேஷன் (கேரியர் ஃப்ரீக்வன்சி எவ்வளவு விலகுதுங்கறது) சரியா இருக்கான்னு செக் பண்ண அத ஒரு அளவுகோலாவே வச்சிருக்காங்க. லேப்ல சான்ஸ் கிடைச்சா விடாத.

உங்க லிஸ்ட்ல முக்கியமான ஒண்ணு வரல, மாட் சைன் எக்ஸ். ஃபுல் வேவ் ரெக்டிஃபையர். அதுக்கு

2/பை − (4/பை) [ காஸ் 2எக்ஸ்/3 + காஸ் 4எக்ஸ்/15 + காஸ் 6எக்ஸ்/35 + ... ]

இது வெறும் எக்ஸாம் விடை இல்ல. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் எடுத்துக்கோ, பீக் சுமார் 17 வோல்ட். டையோட் டிராப்ப விட்டுடு. முதல் டெர்ம் 17 × 0.637, அதாவது 10.8 வோல்ட் டிசி, கெபாசிட்டர் இல்லாம மீட்டர் வச்சா காட்டுறது அது தான். அடுத்த டெர்ம் 17 × 0.424 = 7.2 வோல்ட், 100 ஹெர்ட்ஸ். அதுக்கு அடுத்தது 200 ஹெர்ட்ஸ், 1.4 வோல்ட் தான். லைன் 50 ஹெர்ட்ஸ் ஆச்சே 50 எங்க போச்சுன்னா, மாட் போட்டதும் கீழ் பாதி மேல மடங்கி பீரியட் பாதியாயிடுது, அதனால காஸ் எக்ஸ், காஸ் 3எக்ஸ் எதுவும் கிடையாது. ஆம்ப்ளிஃபையர்ல ஃபில்டர் கெபாசிட்டர் போச்சுன்னா வர்ற "ம்ம்ம்ம்" சத்தம் 100 ஹெர்ட்ஸ். அதே 50ல வந்துச்சுன்னா பிரிட்ஜ்ல ஒரு டையோட் ஓபன் ஆகி ஹாஃப் வேவா ஓடுதுன்னு சந்தேகப்படணும், இல்ல கிரவுண்ட் சரி இல்ல. ஹாஃப் வேவ் சீரிஸ்ல (1/2) சைன் எக்ஸ் ன்னு ஒரு டெர்ம் இருக்கு பாரு, அது தான் அந்த 50. நான் முதல்ல வேலைக்கு சேர்ந்த கடைல ஓனர் ஃபார்முலா எதுவும் தெரியாம காதாலயே இத கண்டுபிடிப்பார், எனக்கு இந்த சீரிஸ பார்த்த அப்புறம் தான் அவர் எப்படி சொன்னார்னு புரிஞ்சுது.

இன்னொண்ணு, விடைய எழுதினதும் டெர்ம் எவ்வளவு வேகமா சின்னதாகுதுன்னு பாரு. ஸ்கொயர் வேவ் மாதிரி டப்புனு குதிச்சா 1/என். மாட் சைன் மாதிரி குதிக்காம முனை மட்டும் இருந்தா 1/என்². உன் 5 − 4 காஸ் எக்ஸ் மாதிரி எங்கயும் முனையே இல்லாம வழவழன்னு இருந்தா ஒவ்வொரு டெர்மும் பாதி பாதியா விழுது. வழவழ ஃபங்ஷனுக்கு உனக்கு 1/என் வந்துச்சுன்னா எங்கயோ தப்பு பண்ணிட்டன்னு அர்த்தம், திரும்ப போய் பாரு.


வடமராட்சியான்

மணி அண்ணை சொன்னது எனக்கும் புதுசு, அந்த 50, 100 விஷயம். கணக்கில தான் கண்டிருக்கிறன், காதால கேக்கேல்லை.

ஒரு சின்னச் சேர்க்கை. குதிக்கிற இடத்தில எத்தினை உறுப்பு சேர்த்தாலும் ஓரத்தில குதிப்பின்ர கிட்டத்தட்ட 9 சதவீதம் மேல எழும்பி நிக்கும், கிப்ஸ் எண்டு சொல்லுறது. ஃபோரியர் 1807இல முதல் கட்டுரை வாசிக்கேக்கை லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளேல்லை, முனை இருக்கிற சார்பை வழவழ சைனால எப்பிடிக் கட்டலாம் எண்ட சந்தேகம். புத்தகம் 1822இல தான் வந்தது. டிரிஷ்லே 1829இல எந்தச் சார்புக்கு சரிவரும் எண்டு நிபந்தனை எழுதினவர். உங்கட புத்தகத்தில முதல் பக்கத்தில "டிரிஷ்லே கண்டிஷன்ஸ்" எண்டு ரெண்டு மார்க் கேள்வியா இருக்கிறது அது தான், மனப்பாடம் பண்ணிப்போட்டு தாண்டிப் போயிருப்பீங்கள். டான் எக்ஸும் 4 − 5 காஸ் எக்ஸும் அங்க தான் தட்டுப்படுது.


மூணாவது_பெஞ்ச்

ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணேன், ஆமா அண்ணா, தாண்டி தான் போயிட்டேன் :)

மூணு சம்மும் போட்டு முடிச்சாச்சு. எக்ஸ் சைன் எக்ஸ்ல எக்ஸ் = பை/2 போட்டு பார்த்தேன், காஸ் எக்ஸ், காஸ் 3எக்ஸ் எல்லாம் ஜீரோ ஆகி

பை/4 = 1/2 + 1/(1·3) − 1/(3·5) + 1/(5·7) − ...

ன்னு வந்துச்சு. கால்குலேட்டர்ல நாலஞ்சு டெர்ம் கூட்டினா 0.78 பக்கத்துல சுத்துது, பை/4 0.7854. மேடம் சொன்ன −1/2 இல்லாம போட்டிருந்தாலும் இந்த இடத்துல தெரிஞ்சிருக்காது, ஏன்னா காஸ் (பை/2) ஜீரோ, அதனால எக்ஸ் = 0 போட்டும் செக் பண்ணேன். 1 − 1/2 − 2 [1/3 − 1/8 + 1/15 − ...], அந்த பிராக்கெட் 1/4 க்கு போகுது, மொத்தம் ஜீரோ. சரியா இருக்கு.

ஹாஸ்டல்ல அவன எழுப்பி "நீ சொன்னது சரிடா" ன்னு சொன்னேன். "என்ன சொன்னேன்" னு கேக்குறான்.


அரியர்_அண்ணாச்சி

ஆட் இன்டு ஆட் ஈவன், ஒத்துக்கறேன் டீச்சர். என் பழைய நோட்ட எடுத்து பார்த்தேன், அதுல எக்ஸ் சைன் எக்ஸுக்கு பிஎன் மட்டும் போட்டு நாலு பக்கம் எழுதி கடைசில எல்லாம் ஜீரோ, "ஹென்ஸ் ப்ரூவ்ட்" ன்னு வேற போட்டு வச்சிருக்கேன். அந்த பேப்பர் ஏன் போச்சுன்னு ஆறு வருஷம் கழிச்சு இன்னிக்கு தான் தெரிஞ்சுது.